கால்வாய் அகலத்தை மட்டும் வெச்சு படகு அளவைச் சொல்லாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல உள்நாட்டு நீர்வழிப் போக்குவரத்து பத்தி வந்த கட்டுரையை ரெண்டு தடவை படிச்சேன். நல்ல விஷயம், ரோட்டுல லாரி வெச்சு இழுக்கறதை விட தண்ணில மிதக்க விட்டு இழுக்கறது எவ்வளவோ சிக்கனம்னு எழுதினது நூத்துக்கு நூறு சரி. ஆனா நடுவுல ஒரு வரி வந்துச்சு, கால்வாயை அகலப்படுத்திட்டா பெரிய படகு விடலாம்னு. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த லெட்டர். மதகு, ஷட்டர், தடுப்பணைன்னு டிராயிங் போட்டே வேலைக்காலத்தை முடிச்சவன் நான், தண்ணி சம்பந்தப்பட்ட விஷயத்துல அரைகுறையா ஒரு நம்பிக்கை ஜனங்க மனசுல விழுந்துட்டா அப்புறம் கோடிக்கணக்குல காசு மண்ணுக்குள்ள போறதை தடுக்கவே முடியாது, அதனாலதான் கொஞ்சம் நீளமா எழுதறேன், மன்னிச்சு முழுசா படிச்சுடுங்க.

கால்வாய்ல எவ்வளவு பெரிய படகு போகும்னு கேட்டா கரையில நின்னு இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் டேப் பிடிச்சு சொல்ல முடியாது. 100 கிலோமீட்டர் கால்வாய்ல 99 கிலோமீட்டர் விசாலமா இருக்கட்டும், ஒரே ஒரு இடத்துல இடுக்கு இருந்தா அந்த இடுக்குதான் படகோட அளவு. அந்த இடுக்கு பெரும்பாலும் கரைகளுக்கு நடுவுல இருக்காது, லாக்ல இருக்கும், பாலத்துக்கு அடியில இருக்கும், டனல்ல இருக்கும், தண்ணிக்கு கீழ கண்ணுக்கே தெரியாத வாசப்படியில இருக்கும்.

லாக்னா தெரியாதவங்களுக்காக சொல்லிடறேன். ஆறு தானா சரிஞ்சு ஓடும், கால்வாய்ல தண்ணி நிக்கணும், அதனால மேடு வந்தா படிக்கட்டு மாதிரி கட்டணும். ஒவ்வொரு படியிலயும் ரெண்டு பக்கமும் கதவு போட்ட ஒரு தொட்டி. படகு உள்ள வந்ததும் பின் கதவை மூடி, மேல இருந்து தண்ணி விட்டா தொட்டி நிறையும், படகும் கூடவே ஏறும், முன் கதவைத் திறந்தா மேல் மட்டத்துக்குப் போயிடலாம். இறங்கறதுக்கு இதே வேலை தலைகீழா. ரெண்டு கதவு வெச்ச இந்த தொட்டியை முதல்ல 984-ல சீனாவோட பெருங்கால்வாய்ல சியாவோ வெய்யுவேங்கற அதிகாரி கட்டினார். அதுக்கு முன்னாடி சரிவுல படகை கயித்தால கட்டி இழுத்து ஏத்துவாங்க, அதுல படகு உடையும், உடைஞ்சா தானியம் திருடு போகும், அந்த நஷ்டம் தாங்காமதான் அவர் இதை யோசிச்சார். இழுத்து ஏத்தற வரைக்கும் எவ்வளவு கனம் இழுக்க முடியுமோ அதுதான் படகோட அளவு. லாக் வந்ததும் அந்தத் தடை போச்சு, படகு பெருசாச்சு. ஆனா பழைய தடை போன இடத்துல புதுசா ஒண்ணு வந்து உக்காந்துச்சு, அந்த தொட்டியோட நீளமும் அகலமும்.

இங்கிலாந்து கதையைப் பாருங்க. அங்க நேரோபோட்னு ஒரு படகு உண்டு, 70 அடிக்கு மேல நீளம், அகலம் வெறும் 6 அடி 10 அங்குலம், பென்சில் மாதிரி இருக்கும். ஏன் அப்படி ஒரு விசித்திரமான உடம்பு? 1766-ல ட்ரென்ட் அண்ட் மெர்ஸி கால்வாய் வேலையை ஆரம்பிச்சப்போ ஜேம்ஸ் பிரிண்ட்லிங்கற எஞ்சினியர் ஹேர்காஸ்ல்ங்கற குன்றுக்கு அடியில சுமார் ஒன்றரை மைலுக்கு டனல் வெட்ட வேண்டி வந்துச்சு. கையால தோண்டற காலம், உள்ள தண்ணி ஊத்தெடுக்குது, பாறை கடினம், அகலம் ஒரு அடி கூடினா செலவு எங்கயோ போகும். அதனால முடிஞ்ச அளவு ஒடுக்கமா வெட்டினார், குதிரை நடந்து வர பாதை கூட உள்ள விடல, படகுக்காரங்க பலகை மேல மல்லாந்து படுத்து டனல் சுவத்தை காலால உதைச்சு உதைச்சு படகை நகத்தினாங்க. அப்படியும் 11 வருஷம் ஆச்சு, 1777-லதான் திறந்தாங்க, பிரிண்ட்லி அதைப் பார்க்காம 1772-லயே இறந்துட்டார். டனல் இவ்வளவுதான்னு ஆனப்புறம் அந்த வழியில லாக்கை மட்டும் பெருசா கட்டி என்ன பிரயோஜனம்? சுமார் 7 அடி அகலம், 72 அடி நீளம்னு லாக் கட்டினாங்க. பக்கத்துல கால்வாய் வெட்டினவங்களும் இதோட சேரணும்னு அதே அளவுல கட்டினாங்க. 250 வருஷம் ஓடிப் போச்சு, இன்னைக்கு அங்க புதுசா படகு கட்டறவங்களும் அந்த 6 அடி 10 அங்குலத்துக்குள்ளதான் அடுப்பு, கட்டில், பாத்ரூம் எல்லாத்தையும் அடக்கறாங்க. அன்னைக்கு ஒரு குன்றுக்குள்ள காசு பத்தாம எடுத்த முடிவு இது!

இதுல இன்னொரு வேடிக்கையான சிக்கலும் இருக்கு. வட இங்கிலாந்துல கட்டின சில கால்வாய்ங்க 14 அடி அகலத்துக்கு தாராளமா லாக் கட்டினாங்க, ஆனா நீளத்தை குறைச்சுட்டாங்க. லீட்ஸ் அண்ட் லிவர்பூல் கால்வாய்ல பெரும்பாலான லாக் 62 அடி, கால்டர் அண்ட் ஹெப்பிள்ல 57 அடி சொச்சம். அப்போ 14 அடி அகலப் படகு தெற்குப் பக்கம் வர முடியாது, 70 அடி நீளப் படகு வடக்கே போக முடியாது. எல்லா இடத்துக்கும் போகணும்னு ஆசைப்படறவங்க அகலத்துக்கு ஒரு கால்வாயையும் நீளத்துக்கு இன்னொரு கால்வாயையும் பார்த்து, 57 அடிக்கு 6 அடி 10 அங்குலம்னு கட்டிக்கறாங்க. நெட்வொர்க்னு வந்துட்டா ஒவ்வொரு பக்கமும் இருக்கற குறையெல்லாம் ஒரே படகு மேல வந்து சேரும்.

பெரிய அளவுலயும் இதே கதைதான். வட அமெரிக்காவோட பெரிய ஏரிகள்ல 1000 அடி நீளத்துக்கு, அதாவது 300 மீட்டருக்கு மேல, 13 சரக்குக் கப்பல் இருக்கு. மேல் ஏரிகளுக்கு நடுவுல சூ லாக்ஸ்ங்கற இடத்துல போ லாக்னு ஒண்ணு இருக்கு, 1200 அடி நீளம், 110 அடி அகலம், அதுல தாராளமா போய் வரும். ஆனா கீழ ஒன்டாரியோ ஏரிக்கு இறங்கற வெல்லண்ட் கால்வாய் லாக்ல சுமார் 225 மீட்டர் நீளம், 24 மீட்டர் அகலத்துக்கு உள்ள இருக்கற கப்பல்தான் நுழையும். அதனால இந்த 13-ம் அங்கயே பொறந்து அங்கயே ஓடி அங்கயே முடிய வேண்டியதுதான், கடலைப் பார்க்கவே முடியாது, ரூமுக்குள்ள வெச்சு செஞ்ச கட்டில் மாதிரி. அதுல முதல் கப்பலைக் கட்டினப்போ முன் பாகத்தையும் பின் பாகத்தையும் தெற்கே மிசிசிப்பி மாகாணத்துல செஞ்சு, ரெண்டையும் ஒட்டி குட்டிக் கப்பலா ஆக்கி, கடல் வழியா லாக் எல்லாம் தாண்டி மேல கொண்டு போய், அங்க வெச்சு மறுபடி ரெண்டா வெட்டி நடுவுல நீளமான உடம்பை செருகினாங்க. 1972-ல அது ஓட ஆரம்பிச்சுச்சு. ஒரு லாக்கோட அளவு கப்பல் கட்டற முறையையே மாத்திடுச்சு பாருங்க.

சரி, லாக்கை மட்டும் பெருசாக்கினா போதுமான்னா அதுவும் போதாது. அதைப் பாதியில விட்டா என்ன ஆகும்னு பிரான்ஸ்ல பார்க்கலாம். அங்க 1879-ல பொதுப்பணி மந்திரியா இருந்த ஃப்ரேசினே நாடு முழுக்க ஒரே அளவு வேணும்னு சட்டம் கொண்டு வந்தார், லாக் 39 மீட்டருக்கு 5.2 மீட்டர், படகு 38.5 மீட்டருக்கு 5.05 மீட்டர், சுமார் 300 டன்லேர்ந்து 350 டன் வரைக்கும் ஏத்தலாம். லாக் சுவத்துக்கும் படகுக்கும் நடுவுல பக்கத்துக்கு ஒரு சாண் கூட இல்ல, அவ்வளவு இறுக்கமா கணக்குப் போட்டாங்க. ஆனா தெற்கே 240 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடற மிடி கால்வாய் அதுக்கு 200 வருஷம் முன்னாடி, 1681-லயே திறந்தது. ஆரம்பத்துல கட்டின லாக் சுவர் ஒண்ணு மண்ணு தள்ளி உள்ள விழுந்துடுச்சு, அதனால அதைக் கட்டின ரிக்கே சுவத்தை வளைச்சு முட்டை மாதிரி தொட்டியா கட்டினார், நீளம் சுமார் 30 மீட்டர்தான். 1970-கள்ல இதையும் 38.5 மீட்டர் படகுக்கு ஏத்த மாதிரி நீட்டலாம்னு ரெண்டு முனையிலேர்ந்தும் வேலையை ஆரம்பிச்சாங்க, லாக் லாக்கா இடிச்சு நீட்டினாங்க, ஆனா நடுப்பகுதிக்கு வர்றதுக்குள்ள வேலை நின்னு போச்சு. விளைவு என்ன? ரெண்டு பக்கமும் பெரிய லாக், நடுவுல பழைய 30 மீட்டர் லாக். பெரிய படகு ஒரு முனையிலேர்ந்து இன்னொரு முனைக்குப் போகவே முடியல. நீட்டினதுக்கு செஞ்ச செலவுல அந்த வழிக்கு ஒரு டன் சரக்கு கூட அதிகமா கிடைக்கல. பாதி வேலைக்கு பாதி பலன் கிடைக்கும்னு நம்ம மனசு கணக்குப் போடும், கால்வாய்ல அந்தக் கணக்கே செல்லாது.

முழுசா செஞ்சா கிடைக்கும், அதுக்கும் உதாரணம் இருக்கு. அமெரிக்காவுல ஈரி கால்வாய் 1825-ல திறந்தப்போ ஆழம் 4 அடிதான், லாக் 90 அடிக்கு 15 அடி, படகுக்கு 30 டன். கூட்டம் தாங்கல, 1836-ல விரிவாக்க ஆரம்பிச்சாங்க. ஆழம் 7 அடி, மேல அகலம் 70 அடி, லாக் 110-க்கு 18 அடி, எல்லா தொட்டிப்பாலமும் புதுசு. முடிக்க 1862 ஆச்சு, 26 வருஷம். அதுக்கப்புறம் படகுக்கு 240 டன். எட்டு மடங்கு. லாக் அகலம் கூடினது வெறும் 3 அடி, ஆனா படகோட நீளம், அகலம், அமிழற ஆழம் மூணும் சேர்ந்து கூடினதால ஒண்ணோட ஒண்ணு பெருக்கிக்கிட்டு இவ்வளவு ஆச்சு. அந்த 26 வருஷத்தை யாரும் பேச மாட்டேங்கறாங்க, எட்டு மடங்கை மட்டும் பேசறாங்க.

இப்போ ஆழத்துக்கு வர்றேன், ஏன்னா உங்க கட்டுரையில ஆழங்கற வார்த்தையே வரல. படகு தண்ணிக்குள்ள எவ்வளவு அமிழும்ங்கறதுலதான் சரக்கு இருக்கு. 110 மீட்டர் நீளம், 11.4 மீட்டர் அகலம் உள்ள ஐரோப்பிய சரக்குப் படகை எடுத்துக்கங்க, அது 10 சென்டிமீட்டர் கூடுதலா அமிழ முடிஞ்சா 100 டன்னுக்கு மேல கூடுதலா ஏத்தலாம், நாலு பெரிய லாரி சரக்கு. அதையே திருப்பிப் பாருங்க, ஒரு ஜாண் வண்டல் படிஞ்சா எட்டு லாரி சரக்கை கரையிலயே விட்டுட்டுப் போகணும். படகோட நீள அகலம் மாறவே இல்ல, ஆனா படகு சின்னதாயிடுச்சு. தூர் வாராத கால்வாய் வருஷா வருஷம் தன் படகை தானே சுருக்கிக்கும். அதுவும் நடுவுல ஆழம் இருந்து கரை ஓரத்துல சரிவா இருந்தா எதிர்ல ஒரு படகு வரும்போது ரெண்டும் ஓரம் ஒதுங்கணும், ஒதுங்கின இடத்துல ஆழம் இருக்காது, தட்டும்.

லாக்குக்குள்ள மேல் கதவுக்கு அடியில ஒரு கான்கிரீட் திண்டு இருக்கும், வாசப்படி மாதிரி. கதவு அது மேலதான் சாஞ்சு நிக்கும். தொட்டி ரொம்பி இருக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாது. படகு இறங்கும்போது பின் பாகம் கொஞ்சம் பின்னாடி தள்ளி இருந்தா அந்த வாசப்படி மேல உக்காந்துடும், தண்ணி இறங்க இறங்க முன் பாகம் மட்டும் கீழ போகும், சில நிமிஷத்துல படகு கவுந்து மூழ்கிடும். அதனால தொட்டியோட நீளம் 22 மீட்டர்னு சொன்னா படகுக்கு 22 மீட்டர் கிடைக்காது, வாசப்படியையும் கழிக்கணும், கீழ் கதவு உள்பக்கமா திறந்துச்சுன்னா அது வீசற இடத்தையும் கழிக்கணும். டிராயிங்ல போடற அளவு வேற, படகுக்காரனுக்கு கிடைக்கற அளவு வேற.

சரி ஆழம் இருக்கு, அகலம் இருக்கு, பெரிய படகை விட்டுடலாமான்னா இன்னொரு விஷயம் குறுக்க வருது, அது தண்ணியோட குணம். கடல்ல கப்பல் போனா தள்ளின தண்ணி எல்லா பக்கமும் ஒதுங்கும். கால்வாய்ல ஒதுங்க இடம் ஏது, படகுக்கும் கரைக்கும் நடுவுல, படகுக்கும் தரைக்கும் நடுவுல இருக்கற சந்துலதான் பின்னாடி ஓடணும். சந்துல தண்ணி வேகமா ஓடினா மட்டம் இறங்கும், மட்டம் இறங்கினா படகும் சேர்ந்து இறங்கும், அடி தரையை நெருங்கும், சந்து இன்னும் சின்னதாகும், தண்ணி இன்னும் வேகமா ஓடும். இன்ஜினை முறுக்க முறுக்க வேகம் வராது, படகு உக்காரும், பின்னாடி எழும்பற அலை கரையை அரிக்கும். ஆழம் ஒன்றரை மீட்டர்னா அந்தத் தண்ணில ஒரு அலை மணிக்கு சுமார் 14 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போக முடியாது, சாதாரண சரக்குப் படகு அந்த வேகத்துக்கு ரொம்ப கீழயே திணற ஆரம்பிச்சுடும். இங்கிலாந்துக் கால்வாய்கள்ல வேக வரம்பு மணிக்கு 4 மைல்னு வெச்சிருக்கறது சும்மா இல்ல, கரை தாங்காது. படகை கால்வாய் அளவுக்கு நெருக்கமா கட்டினா நத்தை வேகத்துலதான் போகணும், வேகமும் வேணும்னா படகைச் சின்னதாக்கணும். இந்த ரெண்டுல எதுன்னு முடிவு பண்ணாம அளவு பேச முடியாது.

இதைச் சொல்லும்போது எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு சம்பவம் ஞாபகம் வருது. 1834-ல ஸ்காட்லாந்துல எடின்பரோ பக்கத்துல யூனியன் கால்வாய்ல ஜான் ஸ்காட் ரஸல்ங்கற எஞ்சினியர், ரெண்டு குதிரை வேகமா இழுத்துட்டுப் போன படகைக் கவனிச்சுட்டு இருந்தார். படகு திடீர்னு நின்னுச்சு. முன்னாடி திரண்டிருந்த தண்ணி மட்டும் நிக்கல, ஒரு அடி ஒன்றரை அடி உயரத்துக்கு வழவழன்னு ஒரே மேடா கால்வாய் வழியா உருண்டு போச்சு, மணிக்கு எட்டு ஒன்பது மைல் வேகம். அவர் குதிரை மேல ஏறி ஒரு மைல் ரெண்டு மைல் துரத்திக்கிட்டே போனார், அப்புறம்தான் அது வளைவுகள்ல மறைஞ்சுச்சு. இன்னைக்கு கணிதத்துலயும், கண்ணாடி இழையில வெளிச்சத்தை அனுப்பற வேலையிலயும் சாலிட்டான்னு, அதாவது உருவம் கலையாம தனியா ஓடற அலைன்னு, பேசறாங்களே, அந்த அலைதான் இது. ஒரு ஒடுக்கமான கால்வாய்ல படகு எவ்வளவு வேகமா போகலாம்னு பார்க்கப் போன இடத்துல கிடைச்ச விஷயம்.

உயரத்தை எல்லாரும் மறந்துடறாங்க. ஐரோப்பாவுல 1992-ல நீர்வழிகளை வகுப்பு வகுப்பா பிரிச்சப்போ பாலத்துக்கு அடியில 5.25 மீட்டர் இருந்தா கன்டெய்னரை ரெண்டு அடுக்கு வைக்கலாம், 7 மீட்டர்னா மூணு, 9.1 மீட்டர்னா நாலுன்னு கணக்கு வெச்சாங்க. அதே படகு, அதே லாக், ஆனா வழியில பழைய ரோட்டுப் பாலம் ஒண்ணு தாழ்வா இருந்தா ஒரு அடுக்கு போச்சு, மூணுல ஒரு பங்கு வருமானம் போச்சு. அதுலயும் காலிப் படகுக்குத்தான் கஷ்டம் ஜாஸ்தி. சரக்கு ஏத்தின படகு அமிழ்ந்து போகும், பாலம் இடிக்காது, தரைதான் பயம். சரக்கை இறக்கிட்டு திரும்பி வரும்போது மிதந்து மேல வந்துடும், தரை பயம் போய் பாலம் பயம் வரும். அதுக்காக அடி டேங்க்ல தண்ணி ரொப்பி அமிழ வெச்சு கூட்டிட்டு வருவாங்க, ஸ்டியரிங் ரூமையே ஹைட்ராலிக்ல ஏத்தி இறக்கற மாதிரி செஞ்ச படகெல்லாம் ரைன் நதிப் பக்கம் சர்வ சாதாரணம்.

வளைவு, திருப்பம் பத்தி நாலு வார்த்தை. நீளப் படகு வளைவுல தலையை ஒரு பக்கமும் வாலை ஒரு பக்கமும் நீட்டும், அங்க கால்வாயை அகலம் பண்ணியே ஆகணும். திருப்பி வர்றதுக்கு படகு நீளத்துக்கு மேல அகலமான இடம் அங்கங்க வெட்டி வைக்கணும், இல்லைன்னா ரிவர்ஸ்லயே வரணும். மேடு பள்ளத்தை சுத்திச் சுத்தி வெட்டின பழைய ஆக்ஸ்ஃபர்ட் கால்வாயை 1830-கள்ல நேராக்கினப்போ சுமார் 14 மைல் குறைஞ்சு போச்சுன்னா எவ்வளவு வளைவு இருந்திருக்கும்னு பார்த்துக்கங்க.

கடைசியா, எனக்கு ரொம்ப முக்கியமா படற விஷயம், தண்ணி எங்கேர்ந்து வரும்? லாக் ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் ஒரு தொட்டித் தண்ணி மேல இருந்து கீழ போயிடுது. இங்கிலாந்தோட சின்ன லாக்ல, ரெண்டரை மீட்டர் இறக்கம்னு வெச்சுக்கிட்டா, ஒரு தடவைக்கு சுமார் 1,18,000 லிட்டர். அதே இறக்கத்துக்கு பிரான்ஸ் அளவு லாக்னா 5 லட்சம் லிட்டர். கால்வாயோட உச்சியைத் தாண்டற படகு இந்தப் பக்கம் ஏற ஒரு தொட்டி, அந்தப் பக்கம் இறங்க ஒரு தொட்டின்னு ரெண்டு தொட்டி கேக்கும், ஒரு நாளைக்கு 20 படகு அப்படிப் போனா 2 கோடி லிட்டர். எதிரெதிரா மாத்தி மாத்தி விட்டா கொஞ்சம் குறையும், ஆனாலும் கோடிக்கணக்குதான். சின்னப் படகு போனாலும் தொட்டியை முழுசாதான் ரொப்பணும். லாக்கைப் பெருசாக்கறதுன்னா உச்சியில இருக்கற குளத்தையும் பெருசாக்கறதுன்னு அர்த்தம், கோடையில அந்தக் குளம் வத்திப் போச்சுன்னா எவ்வளவு பெரிய லாக் இருந்தும் அது வெறும் காஞ்ச தொட்டி. ரிக்கேக்கு இது தெரிஞ்சிருந்துச்சு. கால்வாய் வெட்டறதுக்கு முன்னாடியே, மலையில ஓடற ஓடைத் தண்ணியை எல்லாம் மடக்கி 189 மீட்டர் உயரத்துல இருக்கற உச்சிக்கு எப்படிக் கொண்டு வர்றதுன்னுதான் முதல்ல யோசிச்சார், சான் ஃபெரியோல்னு பெரிய அணை கட்டி நீரைத் தேக்கினார். அதனாலதான் அந்தக் கால்வாய் இன்னைக்கும் உயிரோட இருக்கு.

ஜெர்மனியில 1992-ல முடிச்ச ரைன் மைன் டான்யூப் கால்வாய் 406 மீட்டர் உயரத்துக்கு ஏறுது, அங்க லாக் 190 மீட்டருக்கு 12 மீட்டர். சில லாக்ல ஒரே தாவலா 25 மீட்டர் கிட்ட ஏறுது, ஒரு தடவைக்கு சுமார் 5.7 கோடி லிட்டர் வேணும். அவ்வளவு தண்ணி உச்சியில எங்க இருக்கு? அதனால பெரும்பாலான லாக்ல பக்கத்துல படிப்படியா சேமிப்புத் தொட்டி கட்டி, இறங்கற தண்ணியில 60 சதவீதத்தை அதுல பிடிச்சு வெச்சு அடுத்த தடவைக்கு திருப்பி விடறாங்க, மீதிக்கு டான்யூப் நதிலேர்ந்து பம்ப் பண்ணி ஏத்தறாங்க. கடல் கப்பல் போற பனாமாவுலயே 2023-ல மழை பொய்ச்சுப் போனதும் ஒரு நாளைக்கு எத்தனை கப்பல், எவ்வளவு ஆழம் அமிழலாம்னு ரெண்டையும் குறைச்சுட்டாங்க. லாக் அப்படியேதான் இருந்துச்சு, ஏரிதான் இறங்கிச்சு.

தண்ணியே வேண்டாம்னு படகை தொட்டியோட தூக்கற லிஃப்டும் இருக்கு. பெல்ஜியத்துல ஸ்ட்ரெப்பி தியூங்கற இடத்துல 2002-லேர்ந்து 1,350 டன் படகை 73 மீட்டர் தூக்கறாங்க, அதுக்கு முன்னாடி அந்த வழியில சுமார் 300 டன் படகு மட்டும் போற நாலு பழைய லிஃப்டுதான். மிதக்கற படகு தன் எடைக்கு சமமா தண்ணியை ஒதுக்கிடும், அதனால தொட்டியில படகு இருந்தாலும் இல்லைன்னாலும் எடை ஒண்ணுதான், எதிர் எடை மாட்டினா கொஞ்சம் கரன்ட்டுலயே தூக்கிடலாம். தண்ணி மிச்சம். ஆனா அதைக் கட்டி முடிக்க 20 வருஷம் ஆச்சு, அங்கயும் அந்த தொட்டியோட அளவுதான் அடுத்த இடுக்கு.

அதனால ஆசிரியர் அவர்களே, என் வேண்டுகோள் இதுதான். இனிமே எந்த கால்வாய்த் திட்டம் பத்தி செய்தி வந்தாலும், எத்தனை கிலோமீட்டர், எத்தனை கோடின்னு போடறதோட நிறுத்தாம, அந்த வழி முழுக்க இருக்கறதுலயே சின்ன லாக் எது, அதோட நீளம் அகலம் என்ன, தண்ணி குறைஞ்ச மாசத்துல வாசப்படி மேல எவ்வளவு ஆழம் நிக்கும், தண்ணி ஏறின மாசத்துல தாழ்வான பாலத்துக்கு அடியில எவ்வளவு இடைவெளி, கோடையில உச்சிக்கு தண்ணி எங்கேர்ந்து வரும்னு உங்க நிருபர்ங்க கேட்டு எழுதணும். ஆபீஸ்ல கேட்டா முதல்ல சராசரி அளவுதான் கொடுப்பாங்க, சராசரி ஆழம் 3 மீட்டர்னு சொல்லுவாங்க, சராசரியில எந்தப் படகும் மிதக்காது, குறைஞ்சபட்ச அளவைக் கேளுங்க, எந்த இடத்துலன்னு கேளுங்க. அந்த நம்பர் கிடைச்சா ஒரு டன் சரக்கு கூட போறதுக்கு முன்னாடியே அந்த வழியில எவ்வளவு பெரிய படகு போகும்னு உங்க வாசகர்களே கணக்குப் போட்டுக்குவாங்க. நிருபர்ங்களுக்கு ஏதாவது டிராயிங் புரியலைன்னா எனக்கு அனுப்பச் சொல்லுங்க, உக்காந்து பார்த்து சொல்றேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர், ஓய்வுபெற்ற எஞ்சினியர்